மேற்பிரிவுக்கு ஏறிய மஞ்சள் வெளிச்சம்

காலையில் கறந்த பாலை எடுப்பேன், மாலையில் கறந்த பாலை எடுக்க மாட்டேன். கண்டிக்குப் பக்கத்தில், ஹந்தானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதன் மேற்பிரிவில் மாடு வைத்திருக்கும் பெண்களிடம் வருடக்கணக்காக இதைத்தான் சொல்லிவந்தேன். அவர்களும் தலையாட்டிவிட்டு, மாலைப் பாலைக் கன்றுக்கு விட்டது போக மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சில நாள் வாசல் சாக்கடைக் கானில் ஊற்றுவதையும் பார்த்திருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி இருந்த வீடு அவர்களுடைய வரிசை வீடுகளான லயத்தில் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலைவரை வைத்தால் பால் புளித்துவிடும்.

என் தொழில் பால் சேர்ப்பது. கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா யோகட்டும் தயிரும் செய்து கடைகளுக்குப் போடுகிறார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் 'தாத்தா' என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே அழைப்பேன். நான் கொண்டுவரும் பால்தான் அவருடைய யோகட். என்னிடம் இருப்பது ஒரு பழைய டீசல் ஃபோர்வீல் ஜீப். மேற்பிரிவுப் பாதைக்கு வேறு எந்த வாகனமும் சரிவராது. கருங்கல் பதித்த பாதை, பாதிக் கல் பெயர்ந்து கிடக்கும். இரண்டு இடத்தில் ஓடை குறுக்கே பாயும். ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத பக்கத்துக்குத்தான் எனக்குப் பயம். பிற்பகல் ஆனால் மேலிருந்து பனி இறங்கும். ஜீப்பின் முன்விளக்குகள் குப்பி விளக்குப் போல மங்கலாக எரியும். பனிக்குள் அவை எரிகின்றனவா இல்லையா என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் மதியத்துக்குப் பிறகு நான் மேலே போவதில்லை.

ஒருநாள் தாத்தா வெறும் பால் கேன்களைக் கழுவிக்கொண்டே கேட்டார். "தங்கச்சி, கடைக்காரங்க ரெண்டு மடங்கு யோகட் கேக்குறாங்க. அந்திப் பாலையும் எடுக்க ஏலாதா?"

"பனியில ரோடு தெரியாதுங்க தாத்தா."

"இப்ப எல்லா ஜீப்புக்கும் மேல நீளமா ஒரு லைட் போடுறாங்களே. பகல் மாதிரி அடிக்குமாம். நீங்களும் ஒண்டு போடுங்கோ."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. காட்டுப் பாதை ஓட்டுகிறவர்களின் வாகனங்களில் கூரை மேல் நெற்றிப்பட்டம் போல மின்னும் எல்ஈடி விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் என் ஜீப்புக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். பஜாரில் ஒரு கடையில் கூரையின் அகலத்துக்கு ஒரு நீள விளக்கு வாங்கி, அங்கேயே ஜீப்பின் கூரையில் பூட்டியும் கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒருதரம் போட்டுக் காட்டினேன். தாத்தாவின் தகரக் கொட்டகை, மதில், மதில் மேல் தூங்கிய பூனை எல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. பூனை குதித்து ஓடியது. நான் ராணி மாதிரி ஜீப்பை விட்டு இறங்கினேன்.

அந்த ராணித்தனம் மறுநாள் மாலையிலேயே முடிந்தது.

பால் எடுக்கப் போகவில்லை, சும்மா ஒத்திகை பார்க்கத்தான் போனேன். முதல் ஓடையைத் தாண்டியதும் பனி வந்தது. விளக்கைப் போட்டேன். பாதை காணாமல் போயிற்று. பனி முழுவதும் வெள்ளைச் சுவராக எழுந்து என் முகத்துக்கு நேரே நின்றது. பொனட்டில் பட்ட வெளிச்சமும் திரும்பிக் கண்ணில் குத்தியது. இவ்வளவு வெளிச்சம் இருந்தும் என் முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்தேன். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, தேயிலை மேட்டை உரசுகிற மாதிரி அங்குலம் அங்குலமாக இறங்கி வந்தேன். தோட்டத்துத் தார்ப்பாதையில் சக்கரம் ஏறியபோதுதான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் என் கணவரிடம் போனில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"பேசாம காலையில மட்டும் போ. இருக்கிறது போதும். உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன செய்றது?"

"சரிங்க" என்றேன். மனசுக்குள் சரி என்று சொல்லவில்லை.

கிழமை ஒன்று, ஏழெட்டு நாள், போயிருக்கும். தாத்தாவின் கொட்டகையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தோம். கரண்ட் போய்விட்டது. பெரிய சட்டியிலிருந்து ஆவி குப்பென்று எழுந்துகொண்டிருந்தது. தாத்தா போனில் டோர்ச்சைப் போட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துச் சட்டியைப் பார்த்தார்.

"ஒண்டும் விளங்குதில்லை, ஆவிதான் இரிக்கி" என்று சொல்லிக்கொண்டு, அடுப்பின் நெருப்பைக் குறைக்கக் குனிந்தார். போன் பிடித்த கையும் சேர்ந்து தாழ்ந்தது. அந்த நொடியில் சட்டியின் விளிம்பு, பொங்கி வரும் பாலாடை, துழாவும் அகப்பை எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

"தாத்தா! கையை அப்படியே வைங்க!"

"ஏன், பாம்பா?"

"இல்லீங்க. மேல தூக்குங்க. ஆ, இப்ப இறக்குங்க. திரும்பத் தூக்குங்க."

அவர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் தூக்கினார், இறக்கினார். மேலே வைத்தால் வெள்ளைச் சுவர். கீழே வைத்தால் சட்டி. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆவியில் பட்டதெல்லாம் திரும்பிக் கண்ணுக்கே வருகிறது. கண்ணை விட்டு விலகித் தாழ்ந்து, ஆவிக்கு அடியால் போனால் தேடுகிற பொருளில் போய் விழுகிறது. நான் வாங்கிய விளக்கில் ஒரு பிழையும் இல்லை. அது இருந்த இடம்தான் பிழை.

மறுநாளே கடைக்குப் போய் நீள விளக்கைக் கொடுத்து, அதற்குப் பதிலாக இரண்டு சிறிய விளக்குகள் கேட்டேன். மஞ்சள் ஒளி, தூரம் போகாமல் அகலமாக விரியும் வகை. கடைக்காரர் நல்ல மனிதர், மாற்றித் தந்தார். ஆனால் பூட்ட ஆள் இல்லை என்றார்.

"பெருநாள் வேலை குவிஞ்சி கிடக்கு. அடுத்த மாசம்தான் ஏலும்."

"பரவாயில்லீங்க, நானே பூட்டிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. வயர், ரிலே, ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் எடுத்து மேசையில் வைத்தார். அந்த மேசையைப் பார்த்ததும் எனக்குப் பழைய தைரியம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவள். இயந்திரங்களுக்கான வயர்க் கட்டுகள் செய்யும் இடம். வயர் முனையைச் சீவி, அதில் செப்பு முனையைச் செருகிக் குறட்டால் நசுக்கி, பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் கழன்றுவந்தால் திரும்ப முதலிலிருந்து. அந்த இழுப்பு இன்னும் என் விரல்களில் இருந்தது.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று, காலைப் பாலை இறக்கிவிட்டு, ஜீப்பைத் தாத்தாவின் முற்றத்தில் நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். முதலில் பெட்டரி வயரைக் கழற்றி வைத்தேன். பம்பருக்கு அடியில் துருவைத் தேய்த்து எடுத்து, இரண்டு ஓரங்களிலும் துளை போட்டேன். தாத்தா முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

"இவ்வளவு கீழயா? கோழிக்குத்தான் வெளிச்சம் விழும்."

"கோழி உயரத்துலதான் தாத்தா ரோடு இருக்கு."

பெட்டரியிலிருந்து வரும் வயருக்குத் தொடக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தேன். எங்காவது உரசித் தீப்பொறி பறந்தால் ஃபியூஸ் போகட்டும், ஜீப் போகக் கூடாது. அங்கிருந்து ரிலேக்கு, ரிலேயிலிருந்து விளக்குகளுக்கு. ரிலே என்பது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. சுவிட்சில் கொஞ்சம் மின்சாரம் ஓடினால் போதும், விளக்குக்குத் தேவையான பெரிய மின்சாரத்தை அது திறந்துவிடும். சுவிட்சுக்குப் போகும் வயரை என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே எடுக்க ஒரு துளை வேண்டியிருந்தது. தகரத்தின் விளிம்பு வயரை அறுத்துவிடும் என்று ஒரு ஹோஸ் துண்டைப் பிளந்து துளைக்கு ரப்பர் உதடு கட்டினேன். ஒவ்வொரு முனையையும் நசுக்கினேன், இழுத்தேன். நசுக்கினேன், இழுத்தேன். தாத்தா இடையில் பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். குடித்தது நினைவில்லை.

பெட்டரியைத் திரும்ப இணைத்து சுவிட்சை அழுத்தினேன். இடது விளக்கு எரிந்தது. வலது விளக்கு ஒருதரம் சிமிட்டிவிட்டு அணைந்தது.

தாத்தா என் முகத்தைப் பார்த்தார். நான் ஜீப்பின் அடியில் படுத்தேன். முனைகளை இழுத்தேன், ஒன்றும் கழலவில்லை. இரண்டு விளக்கையும் இடம் மாற்றிப் பார்த்தேன். வலப்பக்கம் எதை வைத்தாலும் அணைந்தது. அப்படியென்றால் விளக்கில் குற்றமில்லை, அந்தப் பக்கத்து வயரில்தான் ஏதோ. பம்பரைக் கையால் தட்டினேன். விளக்கு எரிந்தது. கையை எடுத்தேன், அணைந்தது. அப்போது பிடிபட்டது. மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் வயரை நான் பெயின்ட் மேலேயே போல்ட் வைத்து முறுக்கியிருந்தேன். இடப்பக்கம் துரு தேய்க்கும்போது பெயின்டும் சேர்ந்து போயிருந்ததால் அது தப்பித்தது. போல்ட்டைக் கழற்றி, பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன்.

"போடுங்க தாத்தா."

அவர்தான் சுவிட்சை அழுத்தினார். இரண்டும் சேர்ந்து எரிந்தன. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் கத்தியதில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நான் பம்பரை உதைத்தேன். குலுக்கினேன். ஜீப்பின் மேல் ஏறிக் குதித்தேன். அசையாமல் எரிந்தன.

விளக்கைப் பூட்டினால் வேலை முடியாது, அது எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சரிசெய்ய வேண்டும். தாத்தாவின் கொட்டகைச் சுவருக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார்கள். அதில் விளக்கின் உயரத்துக்குக் கரித்துண்டால் நான் ஒரு கோடு இழுத்தபோது தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். ஜீப்பைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே விழும்வரை விளக்குகளைச் சாய்த்து முறுக்கினேன். இரண்டு வெளிச்சமும் பக்கவாட்டில் விரிந்து, நடுவில் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக் கிடந்தன.

பொது வீதியில் இந்த விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும், சட்டமும் விடாது. அதனால் தாத்தா கறுப்பு ரெக்சினில் இரண்டு உறை தைத்துத் தந்தார். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, யோகட் சட்டிக்கு மூடி கட்டுகிற மாதிரி.

அடுத்த நாள் பிற்பகல், உறை மாட்டிய விளக்குகளுடன் கண்டியைத் தாண்டும்போது பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். குனிந்து பம்பரைப் பார்த்தார்.

"மிஸ், மேக மொகடத?" இது எதற்கு என்று கேட்டார்.

"மீதும, மாத்தயா" என்றேன். சிங்களத்தில் பனிமூட்டத்துக்கு அதுதான் சொல். தோட்டத்துக்குள் மட்டும்தான் போடுவேன் என்றும் தனிச் சுவிட்ச் என்றும் சொல்லிக் காட்டினேன். யார் பூட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் இன்னொருதரம் குனிந்து, வயர்களைக் கட்டியிருந்த ஒழுங்கைப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்தக் கையசைப்பில் கொஞ்சம் மரியாதை இருந்ததாக நான் இன்றுவரை நம்புகிறேன்.

மேற்பிரிவில் மூன்று மாடு வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் கேனோடு நின்றார். மற்றப் பெண்கள் லயத்து வாசல்களில் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மெய்யாவே வந்துட்டீங்களா?" என்றார் அக்கா.

"வர்றேன்னு சொன்னேன்ல."

அவர் பாலை அளந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பனி இறங்கியது. முதலில் மேட்டுச் சவுக்கு மரங்கள் போயின, பிறகு கோயில் கோபுரம், பிறகு லயத்தின் மறுகோடி. ஊற்றி முடித்தபோது என் ஜீப்பின் பின்பக்கம் எனக்கே தெரியவில்லை.

"தங்கச்சி, இங்கனயே தங்கிருங்க. விடிஞ்சி போகலாம்."

"நான் தங்கிருவேன் அக்கா. பாலு தங்காதே."

உறைகளைக் கழற்றி சீட்டில் போட்டேன். சுவிட்சில் விரலை வைத்தபோது அந்த வெள்ளைச் சுவர் நினைவுக்கு வந்தது. அழுத்தினேன்.

சுவர் எழவில்லை. என் கண்மட்டத்தில் பனி இருட்டாகவே நின்றது. அதற்கு அடியில், பாய் விரித்த மாதிரி மஞ்சள் வெளிச்சம் தரையில் படர்ந்தது. ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு தெரிந்தது. இடப்பக்கக் கான் தெரிந்தது. வலப்பக்கம், நான் எப்போதும் பயந்த அந்த ஓரம், புல் முளைத்த ஒரு தெளிவான கோடாகத் தெரிந்தது. தூரம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தூரம் தேவைப்படவும் இல்லை. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி "ஆத்தாடி" என்றது காதில் விழுந்தது. நான் கியரைப் போட்டேன்.

இரண்டாவது வளைவில் ஒரு த்ரீவீல் ஆட்டோ நின்றது. டிரைவர் இறங்கி போன் டோர்ச்சோடு பாதையைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு தாயும் தகப்பனும், நடுவில் மடியில் பெரிய பையோடு ஒரு பெண் பிள்ளையும். மேற்பிரிவுக் குடும்பம்தான். தகப்பன் ஓடிவந்தார்.

"புள்ள கெம்பஸ் போவுதுங்க. நாளைக்கு மொத நாளு. கண்டியில மட்டக்களப்பு பஸ்ஸப் பிடிக்கணும். இந்தப் பனியில மாட்டிக்கிட்டோம்."

"என் பின்னாடியே வாங்க. என் சிவப்பு லைட்டை மட்டும் பாருங்க. நான் எங்க திருப்புறேனோ அங்க திருப்புங்க."

த்ரீவீல் என் பின்னால் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் கீழே தேயிலைக் கொழுந்து ஏற்றிய டிராக்டர் ஒன்று ஓரங்கட்டி நின்றது. ஃபெக்டரிக்குப் போக வேண்டியது. அதன் டிரைவரும் நாங்கள் கடந்ததும் என்ஜினை உசுப்பி மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டார். பக்க விளக்குகளைச் சிமிட்டவிட்டுக்கொண்டு நான் முன்னே போனேன். ஓடை வந்தபோது நிறுத்தி, ஆழத்தைப் பார்த்து, மெதுவாக இறங்கி ஏறினேன். பின்னால் த்ரீவீல் தண்ணீரை அடித்துக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் டிராக்டரின் முழக்கம். கல்யாண ஊர்வலம் போல இருந்தது எனக்கு.  வாய்விட்டுச் சிரித்தேன்.

ஃபெக்டரி முகப்பில் தார்ப்பாதை தொடங்கும் இடத்தில் பனி விட்டுவிட்டது. கீழே கண்டி நகரம் விளக்கேற்றிக்கொண்டு கிடந்தது. மஞ்சள் விளக்கை அணைத்து, இறங்கி உறைகளை மாட்டினேன். த்ரீவீலிலிருந்து அந்தப் பெண் பிள்ளை எட்டிப் பார்த்து, "தேங்ஸ் அக்கா" என்றாள். அவளுடைய அம்மா இறங்கி வந்தார். சேலைத் தலைப்பால் என் முகத்தில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டார். த்ரீவீல் இறக்கத்தில் பறந்தது. பிள்ளைக்கு பஸ் கிடைத்துவிட்டது என்று மறுநாள் தகப்பன் எனக்காகக் காத்திருந்து சொன்னார்.

கட்டுகஸ்தோட்டையில் தாத்தா வாசலிலேயே நின்றிருந்தார். கேனைத் திறந்து, கொஞ்சம் பாலை எடுத்துச் சின்னச் சட்டியில் அடுப்பில் வைத்தார். கெட்டுப்போன பால் என்றால் கொதிக்கும்போது திரைந்துவிடும். இருவரும் சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பால் கொதித்தது, பொங்கியது, வழுவழுப்பாக மேலே எழுந்து வந்தது.

"திரையவே இல்ல தங்கச்சி! அந்திப் பால் வந்திட்டு!"

என்னைக் கட்டிப்பிடித்தார். கொதித்த பால் அடுப்பில் வழிந்து நெருப்பை அணைத்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கணவருக்கு போன் செய்தேன். "என்னங்க, பம்பருக்குக் கீழ புது லைட் பூட்டி, பனியிலயே போய் அந்திப் பால் எடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

"நீயேவா பூட்டுன?"

"நானேதான்."

"போட்டோ அனுப்பு. இங்க எல்லாருக்கும் காட்டணும்."

அடுத்த நாள் மாலை லயத்து வாசல்களில் கைகட்டி நிற்க ஆள் இல்லை. எல்லோர் கையிலும் கேன் இருந்தது. மூன்று மாட்டு அக்கா வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சில மாதங்களில் மேற்பிரிவில் இன்னும் சில வீடுகளில் மாடு வந்துவிட்டது. கானில் பால் ஊற்றுவதை அதன் பிறகு நான் பார்த்ததில்லை.

கொழுந்து டிராக்டர்க்காரரும் ஒருநாள் வழியில் நிறுத்திக் கேட்டார். "அக்கா, தோட்டத்துத் துரைகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. எனக்கும் அது மாதிரி பூட்டித் தருவீங்களா?" ஞாயிற்றுக்கிழமை ஃபெக்டரி முற்றத்தில் வைத்துப் பூட்டிக் கொடுத்தேன். இந்தமுறை பெயின்டை முதலிலேயே சுரண்டினேன். எல்லாம் முதல் அழுத்தலிலேயே எரிந்தன.

அதற்கடுத்த கிழமை, நல்ல பனி நேரத்தில், நான் பாலோடு இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு அப்பால் பனிக்கு அடியில் இன்னொரு மஞ்சள் பாய் விரிந்து ஏறி வந்தது. டிராக்டர். இருவரும் நேருக்கு நேர் வந்து நின்றோம். இருவருக்கும் பாதை முழுசாகத் தெரிந்தது, ஒதுங்கத்தான் இடம் இல்லை.

"அக்கா, நீங்க பாரத்தோட வர்றீங்க, நானே பின்னால போறேன்!" என்று கத்திவிட்டு, அவர் டிராக்டரைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினார். அந்த மஞ்சள் வெளிச்சம் என்னைப் பார்த்தபடியே, கல் கல்லாக, ஓடைப் பக்கத்து அகலமான இடம்வரை இறங்கிப் போனது. நான் ஹோர்ன் அடித்துக்கொண்டே அதன் பின்னால் போனேன்.